ஒரு எம்பி கேஷின் விலை

பிராசஸர் வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்கும்போது இரண்டு எண்களைத்தான் சொல்வார்கள்: எத்தனை கோர் (கணக்கிடும் அலகு), எத்தனை கிகாஹெர்ட்ஸ் (கிளாக்கின் வேகம்). விவரப் பட்டியலில் எங்கோ அடியில் ‘எல்3 கேஷ்: 32 எம்பி’ என்று ஒரு வரி கிடக்கும். கேஷ் என்பது பிராசஸரை ஒட்டியே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்; எல்1, எல்2, எல்3 என்பவை அதன் அடுக்குகள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் “அதிகமா இருந்தா நல்லதுதானே?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். கிளாக் வேகத்தைச் சில நொடிகள் மட்டும் எட்டுகிற உச்சமாகப் போட்டுக்கொள்ளலாம். கோர்களில் சின்னது, பெரியது என்று கலந்து எண்ணிக்கையை ஏற்றலாம். கேஷில் அந்த வித்தை எடுபடாது. மிஞ்சிப்போனால் எல்2-வையும் எல்3-ஐயும் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி ஒவ்வொரு எம்பிக்கும் சிலிக்கானில் இடம் ஒதுக்கியாக வேண்டும், அந்த இடத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். வடிவமைத்தவர் கேட்டது ஒன்று, கணக்குப் பார்ப்பவர் கொடுக்கச் சம்மதித்தது ஒன்று. இரண்டும் எங்கே வந்து ஒத்துப்போயின என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

முதலில், கேஷ் எதற்கு என்று பார்த்துவிடலாம். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு சைக்கிள், அதாவது கிளாக்கின் ஒரு துடிப்பு, 0.25 நானோ நொடி. ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ 80 நானோ நொடி ஆகும். வகுத்துப் பார்த்தால் 320 சைக்கிள். இன்றைய கோர் ஒன்று சைக்கிளுக்கு நாலைந்து கட்டளைகளை முடிக்கக்கூடியது. தகவல் வரும்வரை சும்மா இராமல் சில நூறு கட்டளைகள் முன்னே போய், இப்போதே செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடும். அதுவும் தீர்ந்துபோனால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பை மறைக்கத்தான் நடுவே அடுக்கடுக்காகக் கேஷ். எல்1 என்றால் நாலைந்து சைக்கிளில் பதில் வந்துவிடும். எல்2 என்றால் பன்னிரண்டு முதல் பதினைந்து, எல்3 என்றால் நாற்பது ஐம்பது. யோசனை பழையது. 1965-இல் பிரிட்டிஷ் கணினி விஞ்ஞானி மாரிஸ் வில்க்ஸ் ‘ஸ்லேவ் மெமரி’ என்ற பெயரில் இதை எழுதினார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85, கேஷோடு விற்பனைக்கு வந்த முதல் கணினி. அதில் இருந்தது 16 கேபி.

ஒரு சின்னக் கணக்கு. எல்1 நான்கு சைக்கிள், நூற்றில் 95 தடவை அங்கேயே தகவல் கிடைக்கிறது, கிடைக்காத ஐந்து தடவையும் நேராக ரேமுக்குப் போக 300 சைக்கிள் என்று வைப்போம். சராசரி 4 + 0.05 × 300 = 19 சைக்கிள். 95 சதவீதம் என்பது பரீட்சையில் நல்ல மதிப்பெண். இங்கே மீதி ஐந்து சதவீதம் மொத்த நேரத்தில் முக்கால் பங்கை விழுங்கிவிடுகிறது. நடுவில் 14 சைக்கிளில் பதில் சொல்லும் எல்2 ஒன்றை வைத்து, அந்த ஐந்தில் நாலை அது பிடித்துக்கொள்வதாக வைத்தால் சராசரி 7.7-க்கு இறங்கிவிடும். கோரில் ஒரு மாற்றமும் இல்லை, கிளாக்கைத் தொடவில்லை. ஆனாலும் தகவலுக்காகக் காத்திருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் வாரி வழங்கக் கூடாது? கேஷைப் பற்றி எழுதுகிறவர்கள் மேசை, அலமாரி, நூலகம் என்று ஓர் உவமையைக் கொண்டுவருவார்கள். கையெட்டும் மேசையில் நாலு புத்தகம், எட்ட இருக்கும் நூலகத்தில் லட்சம் புத்தகம். தவறில்லை. ஆனால் மேசையில் ஒரு சாண் இடம் நூலகத்தில் ஒரு சாண் இடத்தைவிட எத்தனை மடங்கு விலை என்பது அந்த உவமைக்குள் வருவதே இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ரேமில் இருப்பது டிரேம். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி போதும். கேஷில் இருப்பது எஸ்ரேம். வழக்கமான வடிவில் ஒரு பிட்டைப் பிடித்து வைக்க ஆறு டிரான்சிஸ்டர் தேவை. ஒரு எம்பி என்றால் சுமார் 84 லட்சம் பிட். ஆறால் பெருக்கினால் ஐந்து கோடி டிரான்சிஸ்டர். தகவலுக்கு மட்டும்தான் இவ்வளவு. எந்த முகவரியின் தகவல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற அடையாளக் குறிப்புகள், பிழை திருத்தும் பிட்கள், படிக்கவும் எழுதவும் வேண்டிய சுற்றுகள் எல்லாம் இதற்கு மேல்.

1989-இல் வந்த இன்டெல் 486-இல் மொத்தமே 12 லட்சம் டிரான்சிஸ்டர். அதில் 8 கேபி கேஷ் இருந்தது. அதன் பிட்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட நான்கு லட்சம் போயிருக்கும், அதாவது சிப்பில் மூன்றில் ஒரு பங்கு. 2006-இல் வந்த, இன்டெலின் இட்டானியம் வரிசையின் மான்டிசிட்டோ சிப்பில் 172 கோடி டிரான்சிஸ்டர். 24 எம்பி எல்3-ஐயும் அதன்கூட இருந்த எல்2-வையும் ஆறால் பெருக்கினால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விடுகிறது. பிராசஸர் என்று பெயர், வாங்கியது பெரும்பாலும் எஸ்ரேம்.

செலவு மட்டும் பிரச்சினை என்றால் பணக்கார சிப்களில் எல்1-ஐயே பெரிதாக வைத்திருப்பார்கள். அதுவும் நடப்பதில்லை. கேஷ் பெருக்கப் பெருக்க மெதுவாகும். கம்பிகள் நீளும், தேடும் இடம் கூடும். எல்1-க்கு இன்னொரு கட்டும் உண்டு. நிரல் தரும் முகவரியை மெய்யான முகவரியாக மாற்றும் வேலையும் கேஷில் தேடும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் நான்கு சைக்கிள் சாத்தியம். அதற்கு, மாற்றத்தில் மாறாமல் இருக்கும் கடைசிப் பிட்களை மட்டும் வைத்துத் தேட ஆரம்பிக்க வேண்டும். நினைவகப் பக்கத்தின் (முகவரி மாற்றம் நடக்கும் துண்டின்) அளவு 4 கேபி என்றால், எட்டு வழிக் கேஷ், அதாவது ஒரு தகவல் எட்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் உட்காரக்கூடிய கேஷ், 32 கேபியில் நின்றுவிடும். இன்டெல் 2006 முதல் பல தலைமுறைகளுக்கு எல்1 தகவல் கேஷை 32 கேபியிலேயே வைத்திருந்து, 2019-இல் பன்னிரண்டு வழியாக்கித்தான் 48 கேபிக்குப் போனது. ஆப்பிளின் எம்1 சிப் எடுத்த எடுப்பிலேயே 128 கேபி வைத்ததற்கு அங்கே பக்கத்தின் அளவு 16 கேபியாக இருப்பது பெரிய உதவி. இதில் பணம் எதுவும் செய்யாது.

ஆகவே பெருக்க முடிகிற இடம் எல்2-வும் எல்3-உம்தான். அங்கே எவ்வளவு பெருக்கினால் எவ்வளவு கிடைக்கும்? துறையில் ஒரு தோராய விதி உண்டு: கேஷை இரட்டிப்பாக்கினால், தகவல் அங்கே கிடைக்காமல் போகும் தடவைகள் 1.4-ஆல் வகுபடும், அதாவது சுமார் முப்பது சதவீதம் குறையும். பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு கேஷ் வேண்டும். செலவு நேர்கோட்டில் ஏறுகிறது, பயன் வர்க்கமூலத்தில் ஏறுகிறது. முதல் சில எம்பிகள் ஏன் மலிவான லாபம், பிறகு ஏன் ஒவ்வொரு எம்பியும் கசக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த விதி பல நிரல்களின் சராசரி. தனி நிரல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் வளைவு இப்படி மென்மையாக இருக்காது. பெரும்பாலும் படிக்கட்டாக இருக்கும். நிரல் திரும்பத் திரும்பத் தொடும் தகவல் 40 எம்பி, கேஷ் 32 எம்பி என்றால் அநேகமாகத் திண்டாட்டம்தான். 48 எம்பியாக்கினால் சட்டென்று பறக்கும். அதற்கு மேல் 96 ஆக்கினாலும் ஒன்றும் நடக்காது. தகவலை ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுப் போகிற நிரலுக்கு எந்த அளவும் ஒன்றுதான். வீடியோ மாற்றுகிற வேலைகளில் கேஷ் கூடியும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போவதும், உலகத்தையே நினைவில் வைத்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தடவிப் பார்க்கும் கேம்களில் எகிறுவதும் இதனால்தான்.

அளவு இருந்தும் பயன்படாமல் போவது இன்னொரு வகை. சி மொழியில் 4096 வரிசை, 4096 நெடுக்கை கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொண்டு எல்லா எண்களையும் கூட்டிப் பாருங்கள். எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. சி அணியை வரிசை வரிசையாக நினைவகத்தில் அடுக்கும். கேஷ் தகவலை 64 பைட் கொண்ட கோடுகளாக எடுத்து வரும். குறுக்கே வரிசை வரிசையாகப் போனால் ஒரு கோட்டில் பதினாறு எண்களும் பயன்படும். முதல் எண்ணுக்குத்தான் காத்திருப்பு, அதைக்கூட முன்கூட்டி எடுக்கும் சுற்று பெரும்பாலும் மறைத்துவிடும். நெடுக்காகப் போனால் ஒவ்வொரு எண்ணும் அடுத்ததிலிருந்து 16 கேபி தள்ளி இருக்கிறது. கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். என் கணினியில் இரண்டாவது முறை பல மடங்கு மெதுவாக ஓடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு நெடுக்கைக்கு வேண்டியது 4096 கோடுகள், அதாவது வெறும் 256 கேபி. அரை எம்பி எல்2-வில் தாராளமாகப் பிடிக்க வேண்டும். அடுத்த பதினைந்து நெடுக்கைகளும் அதே கோடுகளில்தான் இருக்கின்றன. ஆனால் பிடிக்காது. எட்டு வழி, அரை எம்பி எல்2-வில் 1024 தொகுதிகள் இருக்கும். எந்தக் கோடு எந்தத் தொகுதியில் உட்காரலாம் என்பதை முகவரி தீர்மானிக்கிறது. சரியாக 16 கேபி இடைவெளியில் வரும் கோடுகள் எல்லாம் அதே நான்கு தொகுதிகளுக்குள் முண்டியடிக்கும். தொகுதிக்கு எட்டு என்றால் 32 கோடுகளுக்குத்தான் இடம். 8192 கோடு பிடிக்கும் கேஷில் 32 மட்டும் நிரம்பி வழிய, மற்றதெல்லாம் காலி. எல்1-இல் நிலைமை இன்னும் மோசம், எல்லாமே ஒரே தொகுதிக்குள் விழும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் பதினாறு எண்களைச் சும்மா சேர்த்து அகலத்தை 4112 ஆக்கினால் நெரிசல் கலைந்து கணிசமான வேகம் திரும்புகிறது. முகவரி மாற்றத்துக்கென்று டிஎல்பி என்ற குட்டிக் கேஷ் ஒன்று இருக்கிறது, அதுவும் இதில் அடிவாங்கும், அது தனிக்கதை. பெரிய கேஷுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது மலிவு.

இனி தயாரிப்புச் செலவு. சிப்கள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர் என்ற சிலிக்கான் தட்டில் அச்சாகின்றன. தொழிற்சாலை வேஃபருக்குத்தான் பணம் வாங்குகிறது. 100 சதுர மில்லிமீட்டர் சிப் என்றால், ஓரத்தில் வீணாவது போக, ஒரு வேஃபரில் சுமார் 640 தேறும். சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 0.1 குறை என்று வைத்துக்கொண்டால் அவற்றில் 90.5 சதவீதம் நல்லது, அதாவது 579. இப்போது கேஷுக்காக இன்னொரு 50 சதுர மில்லிமீட்டர் சேர்க்கிறோம். சிப் பெரிதானதால் வேஃபருக்கு 417 என்று குறைகிறது. பெரிய சிப்பில் குறை விழும் வாய்ப்பும் கூடுவதால் நல்லது 359 மட்டும். பரப்பு 50 சதவீதம் கூடியது, ஒரு நல்ல சிப்பின் விலை 61 சதவீதம் கூடிவிட்டது.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு “பார்த்தீர்களா, கேஷ் எவ்வளவு செலவு!” என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிக் கதை. கேஷ் ஒரே மாதிரியான செல்கள் வரிசை வரிசையாக அடுக்கியது. ஆகவே சில வரிசைகளையும் நெடுக்கைகளையும் உபரியாக வைத்து அச்சிடுகிறார்கள். சோதனையில் ஒரு வரிசை பழுது என்று தெரிந்தால், சிப்பிலேயே உள்ள ஃபியூஸ்களை எரித்து உபரி வரிசையை அதன் இடத்தில் மாட்டிவிடலாம். கூட்டல் சுற்றில் குறை விழுந்தால் அந்தக் கோரே போச்சு, கேஷில் விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கூடுதல் 50 சதுர மில்லிமீட்டரில் விழும் குறைகள் எல்லாமே இப்படிச் சரியாகிவிட்டன என்று வைத்தால், விலையேற்றம் 61-லிருந்து 53 சதவீதத்துக்கு இறங்குகிறது. இடத்துக்கான காசு எப்படியும் போகும், பழுதுக்கான தண்டம்தான் குறையும்.

உபரியால் சமாளிக்க முடியாத பழுது வந்தாலும் சிப் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. கேஷின் ஒரு பகுதியை அணைத்துவிட்டு மலிவு மாடலாக விற்கலாம். கோர் 2 டூவோ காலத்தில் 4 எம்பி சிப்பில் பாதியை அணைத்து 2 எம்பி மாடலாக விற்றதுண்டு. அப்படி விற்றதெல்லாம் பழுதானவை என்று நினைத்துவிட வேண்டாம். மலிவு மாடலுக்குத் தேவை கூடினால் நன்றாக இருக்கும் கேஷையும் அணைத்து அனுப்புவார்கள். வாங்குகிறவருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதில் பெரிய புகார் இல்லை. விலை உயர்ந்த மாடலை வாங்குகிறவர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து வேஃபருக்குப் பணம் கட்டுகிறார்.

கேஷ் விஷயத்தில் கணக்குப் பார்ப்பவரும் வடிவமைத்தவரும் மோதிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்ணூறுகளுக்குப் போக வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த பென்டியம் ப்ரோவில் பிராசஸர் ஒரு சிப், எல்2 இன்னொரு சிப், இரண்டும் ஒரே உறைக்குள். பிராசஸரில் 55 லட்சம் டிரான்சிஸ்டர். பக்கத்தில் இருந்த 256 கேபி கேஷ் சிப்பில் 1 கோடியே 55 லட்சம். இரண்டையும் உறைக்குள் இணைத்த பிறகுதான் முழுதாகச் சோதிக்க முடிந்தது, ஒன்று பழுதானாலும் இரண்டையும் தூக்கிப் போட வேண்டும். வேகம் அருமை, விலையும் அதற்கேற்றாற்போல.

1997-இல் பென்டியம் 2 வந்தபோது கேஷை உறையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப் பெட்டி போன்ற ஒரு கேட்ரிட்ஜுக்குள் தனிச் சிப்களாக வைத்தார்கள். 512 கேபி, ஆனால் பிராசஸரின் பாதி வேகத்தில். செலவு குறைந்தது. அடுத்த ஆண்டு இன்னும் குறைக்கப் பார்த்து, எல்2 கேஷே இல்லாத செலரான் என்ற மலிவு மாடலை இறக்கினார்கள். அலுவலக நிரல்களில் அது தடுமாறிய தடுமாற்றம் பிரசித்தம். சில மாதங்களிலேயே, 1998 ஆகஸ்டில், செலரான் 300ஏ வந்தது. 128 கேபி எல்2 சிப்புக்குள்ளேயே, முழு வேகத்தில். டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 75 லட்சத்திலிருந்து 1 கோடியே 90 லட்சமாக எகிறியது. பலர் கிளாக்கைத் தாங்களே உயர்த்தி அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். அந்த வேகத்தில் நான்கு மடங்கு கேஷ் வைத்திருந்த பென்டியம் 2-வுக்குப் பல வேலைகளில் ஈடுகொடுத்தது. பக்கத்தில் வேகமாக ஓடும் 128 கேபி, தள்ளிப் பாதி வேகத்தில் நிற்கும் 512 கேபிக்குச் சமம். மறு ஆண்டே பென்டியம் 3-உம் அதே வழியில் 512-ஐ விட்டுவிட்டு 256 கேபியைச் சிப்புக்குள் கொண்டுவந்தது. அளவு பாதியாகியும் வேகம் கூடியது.

அப்போதெல்லாம் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தத் தலைமுறையில் கேஷ் விலை அதிகம் என்றால் அடுத்த தலைமுறையில் செல் சுருங்கிவிடும், அதே இடத்தில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலம் முடிந்துவிட்டது. தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் முறையில் ஒரு எஸ்ரேம் செல் 0.027 சதுர மைக்ரான். 5 நானோமீட்டரில் 0.021. 3 நானோமீட்டரின் பரவலான வடிவமான என்3இ-யில் மறுபடியும் அதே 0.021. கணக்கிடும் சுற்றுகள் இன்னும் சுருங்குகின்றன, கேஷ் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வேஃபர் விலையோ தலைமுறைக்குத் தலைமுறை ஏறுகிறது. புதிய முறைக்கு மாறினால் ஒரு எம்பி கேஷ் முன்பைவிட விலை கூடும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

நடுவில் டிரேமையே சிப்புக்குள் கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. ஐபிஎம் 2010-இல் பவர்7 பிராசஸரில் 32 எம்பி எல்3-ஐ அப்படித்தான் வைத்தது. தயாரிப்பு முறையில் கூடுதல் படிகள் வேண்டும் என்பதால் அது பரவவில்லை. 2021-இல் காட்டிய டெலம் சிப்பில் ஐபிஎம்மே எஸ்ரேமுக்குத் திரும்பிவிட்டது.

இன்று பிடித்திருக்கும் வழி, கேஷைப் பிரித்துப் பழைய முறையில் தனிச் சிப்பாக அச்சிடுவது. 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 5800எக்ஸ்3டி-யில் 32 எம்பி எல்3-இன் தலைமேல் 64 எம்பி எஸ்ரேம் சிப் ஒன்றை ஒட்டினார்கள். அந்தச் சிப்பின் பரப்பு 41 சதுர மில்லிமீட்டர், எம்பிக்கு சுமார் 0.64. செல்களை மட்டும் அடுக்கினால் 0.23 போதும். மீதியெல்லாம் நான் மேலே சொன்ன அடையாளக் குறிப்பு, சுற்றுகள், மேலும் கீழும் இணைக்கும் கம்பிகள். எல்3 பதில் சொல்லும் நேரம் நான்கு சைக்கிள் அளவுதான் கூடியது. கிளாக் உச்சம் மட்டும் 4.7-லிருந்து 4.5-க்கு இறங்கியது. 5900எக்ஸை விடக் கேம்களில் சராசரி 15 சதவீத ஏற்றம் என்றது ஏஎம்டி. கேஷ் பற்றாமல் திணறாத நிரல்களில் அது சாதாரண 5800எக்ஸை விடக் கொஞ்சம் பின்தங்கியது. அடுத்த தலைமுறையில் கோர்கள் 5 நானோமீட்டருக்குப் போனபோதும் மேலே ஒட்டிய கேஷ் 7 நானோமீட்டரிலேயே தங்கியது. சுருங்காத ஒன்றுக்கு எதற்குப் புது வேஃபர்?

2023-இல் வந்த 16 கோர் 7950எக்ஸ்3டி-தான் இதில் எனக்குப் பிடித்த சிப். எட்டு எட்டுக் கோராக இரண்டு துண்டு. ஒரு துண்டுக்கு மட்டும் மேலே கேஷ் ஒட்டி 96 எம்பி. இன்னொன்று வெறும் 32 எம்பியோடு, ஆனால் கூடுதல் கிளாக்கோடு. இரண்டுக்கும் ஒட்டினால் செலவு கூடும், கிளாக் குறையும், துண்டு விட்டுத் துண்டு தாவும் நிரலுக்கு ஆதாயமும் குறைவு. ஆகவே பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். இதனால் எந்த நிரலை எந்தப் பாதிக்கு அனுப்புவது என்று இயங்குதளம் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஓடுவது கேம்தானா என்று கண்டுபிடிக்க விண்டோஸ் நம்பியிருந்தது, பலரும் தொந்தரவு என்று அணைத்து வைத்திருக்கும் கேம் பார் என்ற விண்டோஸ் கருவியை. அணைத்தவர்களின் கேம்கள் 32 எம்பி பக்கம் போய் உட்கார்ந்துகொண்டால், காசு கொடுத்து ஒட்டிய கேஷ் பக்கத்தில் சும்மா கிடக்கும்.